ஸ்பிளெண்டர் ஸ்விங் ஆர்ம் புஷ்: நாலு மாதத்தில் இரண்டு முறை

அப்பா 1998-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் அது. மேலூரிலிருந்து மதுரைக்கு வாரத்தில் நாலைந்து நாள் அதில்தான் போய் வருகிறேன். போன புரட்டாசியில் ஒரு தொந்தரவு ஆரம்பித்தது. வளைவில் சாய்த்தால் பின்சக்கரம் ஒரு விரற்கடை தள்ளிப்போய், அப்புறம்தான் பிடிமானத்துக்கு வரும். பஞ்சராகத்தான் இருக்கும் என்று எத்தனை முறை இறங்கி டயரை அமுக்கிப் பார்த்திருப்பேன்! காற்று சரியாகவே இருக்கும்.

நத்தம் ரோட்டில் தல்லாகுளம் பக்கம் ஏறினால் செட்டிகுளம் வரை போகும் அந்தப் பாலம் 7 கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஒரு நாள் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அதில் போனபோது ஒரு பஸ் எங்களை முந்தியது. அது கிளப்பிய காற்றில் வண்டியின் பின்பக்கம் இரண்டு மூன்று தடவை ஆடிவிட்டது. அவள் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். பாலம் இறங்கியதும் ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். கால் நடுங்கியது.

அதற்கு முன்பே பின் டயர் மாற்றியாகிவிட்டது. வீல் பேரிங், ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் கோன் செட் எல்லாம் புதிது. மூவாயிரத்துக்கு மேல் செலவு, ஆட்டம் மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கப் போன இடத்தில்தான் விஷயம் பிடிபட்டது. அங்கிருந்த பெரியவர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீல்ல ஒண்ணுமில்ல தம்பி. இங்க விரல வையி" என்றார். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கையான ஸ்விங் ஆர்ம், ஃப்ரேமோடு சேரும் இடத்தில் என் ஆள்காட்டி விரலை வைத்தேன். அவர் சென்டர் ஸ்டாண்டில் நின்ற வண்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஆர்மின் பின்முனையை இடமும் வலமுமாகத் தள்ளினார். விரலுக்கு அடியில் இடைவெளி திறந்து மூடுவது அப்படியே தெரிந்தது. அந்த இணைப்புக்குள் இருக்கும் புஷ், அதாவது ரப்பர் வைத்த குழாய், போய்விட்டது என்று அர்த்தம்.

இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சக்கரத்தைப் பிடித்து ஆட்டாதீர்கள். அப்படி ஆட்டினால் வீல் பேரிங்கின் ஆட்டமும் சேர்ந்து வரும், குழம்பிப் போவீர்கள். ஆக்சிலுக்குப் பக்கத்தில் ஆர்மையே பிடியுங்கள்.

மார்கழியில் புஷ் மாற்ற வீட்டுக்குப் பக்கத்திலிருந்த மெக்கானிக்கிடம் விட்டேன். ஆர்மின் குறுக்கே போகும் போல்ட், புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தது. முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைத்திருக்கலாம். அவர் நட்டைக் கழற்றிவிட்டு போல்டின் மரை மேலேயே சுத்தியலால் அடித்தார். மரை காளான் மாதிரி விரிந்துவிட்டது. பழைய புஷ்ஷின் ரப்பரைத் தீ வைத்து எரித்தார். மீதியிருந்த வெளிக்குழாயை உளியால் கொத்தி எடுத்தார். புதிய புஷ்ஷையும் சுத்தியலால் அடித்தே ஏற்றினார். கடைசியில் சென்டர் ஸ்டாண்டில் நின்ற நிலையிலேயே நட்டை முடுக்கினார். நான் பக்கத்தில்தான் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது.

பங்குனி முடிவதற்குள் அதே ஆட்டம். "ரோடு அப்படி அண்ணே" என்றார் அவர். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

இந்த முறை நானே கழற்றினேன். ரப்பர் இரண்டு பக்கமும் ஒரே திசையில் முறுக்கிக் கிழிந்திருந்தது. அப்போதுதான் புஷ்ஷைக் கையில் வைத்து நிதானமாக யோசித்தேன். இது பேரிங் மாதிரி சுழலும் சாமான் இல்லை. உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். நட்டை முடுக்கியதும் உள்குழாய் ஃப்ரேமோடு இறுகிவிடும். வெளிக்குழாய் ஆர்மோடு இறுகி இருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுக்கிக் கொடுத்து மீள்கிறது. சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் அந்தரத்தில், ஆர்ம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் முடுக்கினால் ரப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை. வண்டியை இறக்கி இரண்டு பேர் உட்கார்ந்த உடனே அது முறுக்கிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதற்கு மேலும் முறுக்கு. நாலு மாதம் தாங்கியதே பெரிது.

சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில் புஷ் கேட்டேன். வண்டிப் பெயரைச் சொன்னதுமே ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார்கள். வீட்டில் வந்து பார்த்தால் விரலால் அழுத்தினாலே துளைக்குள் போகிறது. இறுக்கமாக நிற்கவேண்டிய சாமான் அது. திருப்பிக் கொண்டுபோனால், "பிரிச்ச மால் எடுக்க மாட்டோம்" என்றார்கள். பழைய புஷ்ஷைக் கையோடு எடுத்துப் போய், கடையிலேயே அளந்து வாங்குங்கள். வேறு கடையில் அப்படித்தான் சரியான ஜோடி கிடைத்தது. மரை விரிந்த போல்டுக்குப் பதிலாக ஒரிஜினல் போல்டும் அங்கேயே வாங்கினேன். அந்த இடத்தில் ஹார்டுவேர் கடை போல்டை வெட்டிப் போடச் சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். பின்சக்கரமே அந்த ஒரு போல்டை நம்பித்தான் இருக்கிறது.

இனிமேல் சுத்தியல் வேண்டாம், பிரஸ்ஸில் அழுத்தித்தான் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். கே.புதூரில் ஒரு லேத் பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ் இருந்தது. போன் செய்தேன். "காலைல பத்து மணி வரைக்கும் இருப்பேன், வாங்க" என்றார். அன்றைக்கு அழகர் எதிர்சேவை, மதுரைக்கு வரும் கள்ளழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் நாள் என்று தெரிந்தும் அந்த வார்த்தையை நம்பி ஆர்மை உரச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். மாட்டுத்தாவணியில் இறங்கி, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடை. புதூரை நெருங்க நெருங்க மனிதத் தலைதான். தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுபவர்கள் நாலாபக்கமும் பீய்ச்ச, சாக்கும் நானும் முழுக்க நனைந்தோம். அழகர் தண்ணீரைக் குறை சொல்ல மாட்டேன். லேத் ஷட்டர் மூடியிருந்ததுதான் வயிற்றெரிச்சல். போனையும் எடுக்கவில்லை. கூட்டத்துக்குள் அந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு திரும்பி வர மதியமாகிவிட்டது. மறுநாள் பார்த்தால் துளை முழுக்கச் செந்துரு.

மூன்று நாள் கழித்து மறுபடி போனேன். அவர் வருத்தப்பட்டார், சரி என்று விட்டுவிட்டேன். வேலையில் மட்டும் அவரைக் குறை சொல்லவே முடியாது. முதலில் துளைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவினார். "உளி போட்டிருக்காங்க, பாருங்க" என்று என் விரலையும் விடச் சொன்னார். மூன்று இடத்தில் பிசிறு நின்றது. அரைவட்ட அரத்தால் பிசிறை மட்டும் வழித்துவிட்டு, எமரித் தாளால் துருவைத் தேய்த்தார். வேர்னியர் அளவுகோலை வைத்து நாலு பக்கமும் அளந்து பார்த்தார். நல்லவேளை, துளை பெரிதாகவில்லை.

புஷ்ஷின் வெளிக்குழாய் மேல் மட்டும் உட்காரும்படி ஒரு கிண்ணம் கடைந்துகொண்டார். உள்குழாயை அமுக்கினால் ரப்பர் அங்கேயே பிய்ந்துவிடுமாம். கைப்பிடியை ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் புஷ் ஒரு நூல் உள்ளே போனது, கடைசியில் ஒரு 'டக்'. அதற்கு மேல் போகவில்லை. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 250 ரூபாய் வாங்கினார். முன்பு செலவழித்ததை நினைத்தால் இது ஒரு செலவே இல்லை.

வீட்டில் மாட்டியது ஒரு மணி நேர வேலை. போல்டின் உடம்புக்கு மட்டும் மெல்லிசாக கிரீஸ் தடவினேன், அடுத்த முறை ஒட்டாமல் கழன்று வர. ரப்பரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும். நட்டைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு சக்கரம், செயின், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாட்டினேன். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, மச்சினனை சீட்டில் உட்கார வைத்தேன்.

"இப்ப என்ன மாமா, ஓட்டவா?"

"ஓட்டாதடா, ஆடாம உக்காரு. அவ்வளவுதான் உன் வேலை."

நாலு தடவை அவனை எழுந்து உட்காரச் சொல்லி ஆர்மைப் படியவிட்டேன். அவன் உட்கார்ந்திருந்த அந்த நிலையில்தான் ஸ்பேனரைப் போட்டு முடுக்கினேன்.

500 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை ஒரு தடவை சோதித்தேன், கால் சுற்று கூட இளகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அதே பாலத்தில் நாங்கள் இரண்டு பேரும் போனோம். லாரி, பஸ் எல்லாம் முந்திப் போயின. செட்டிகுளத்தில் இறங்கும் வரை அவள் கை என் தோளுக்கு வரவில்லை.