மலை மேல் ஒரு நீர்க்குடம்: மார்ச் மாத நாட்குறிப்பு

மார்ச் 1

ஆண்டுதோறும் மார்ச்சில் நடக்கும் நானோரெனோ என்ற விளையாட்டு உருவாக்கும் நிகழ்வு தொடங்கிவிட்டது. மார்ச் முடிவதற்குள் ஒரு விஷுவல் நாவலை, அதாவது படமும் இசையுமாகப் படித்துக்கொண்டே தேர்வுகள் செய்து விளையாடும் கதையை, செய்து முடிக்க வேண்டும். கதையும் நிரலும் என் பொறுப்பு, படங்கள் தங்கை, இசை சித்தப்பா மகன்.

கரு இதுதான். ஒன்பதாம் நூற்றாண்டு, மதுரைக்கு மேற்கே சமணமலை. ஒரு முதிய சமணத் துறவி சல்லேகனை நோன்பு ஏற்கிறார். முதலில் உணவு, பிறகு பால் போன்றவை, கடைசியில் தண்ணீர் என்று ஒவ்வொன்றாக விட்டு உயிர் துறக்கும் நோன்பு அது. அவருடைய மாணாக்கன் நீர்க்குடத்தோடு பக்கத்தில் நிற்கிறான். விளையாடுபவர்தான் அந்த மாணாக்கன்.

மார்ச் 4

கீழக்குயில்குடிக்குப் போய் வந்தோம். அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், ஆலமரம். படியேறிப் பேச்சிப்பள்ளம் போனால் பாறையில் வரிசையாகச் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள், அவற்றின் கீழே பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்து. அதில் ஒன்று, அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று சொல்கிறது. துறவிக்கு ஏது தாய், ஏது வீடு? ஆனால் கல்லில் அந்த அம்மா அவருடைய தாயாகத்தான் நிற்கிறார். எனக்கு அங்கேயே கதைக்கு இன்னொரு ஆள் கிடைத்துவிட்டார்: மகனைப் பார்க்க மலையேறி வரும் மாணாக்கனின் அம்மா.

செட்டிப்புடவுக் குகையைத் தங்கை வரைந்துகொண்டாள். துறவி படுத்திருக்கும் இடம் அதுவே.

மார்ச் 7

விஷுவல் நாவல் செய்யும் மென்பொருளான ரென்பையில் தமிழ் வைத்தேன். அதோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை, எல்லாம் கட்டம் கட்டமாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டதும் சரியானது. பழைய பதிப்புகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். இப்போது எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் நிரல் அதில் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

மார்ச் 11

தத்துவத்தை எங்கே வைப்பது? துறவி வாயில் வைத்தால் விளையாடுபவர் க்ளிக் செய்து கடந்துபோவார். தேர்வுகளில்தான் வைக்க வேண்டும்.

சமணத்தின் அநேகாந்தவாதம் எந்தப் பொருளுக்கும் பல பக்கம் உண்டு என்கிறது. அதை ஏழு விதமாகச் சொல்வார்கள்: ஒரு வகையில் உண்டு, ஒரு வகையில் இல்லை, ஒரு வகையில் உண்டும் இல்லையும், ஒரு வகையில் சொல்லால் அடங்காது, மிச்சம் மூன்றும் இவற்றின் சேர்க்கை. இதை அப்படியே ஒரு மெனுவாக்கினேன். ஊர்க்காரர் ஒருவர் மேலே வந்து, “உங்க குரு தன் உயிரைத் தானே மாய்ச்சுக்கிறாரா?” என்று கேட்கிறார். திரையில் ஏழு பதில்கள். ஏழுமே நிற்கும், ஏழுக்கும் மதிப்பெண் கிடையாது.

கேள்வி ஒன்றும் பழையதல்ல. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இந்த நோன்பைத் தற்கொலைக் குற்றமாகக் கருதியது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது.

துறவியின் காட்சிகளுக்கு நோன்பின் ஐந்து குற்றங்களை எடுத்துக்கொண்டேன். வாழ ஆசைப்படுவது, சாக ஆசைப்படுவது, நண்பர் மேல் பற்று, பழைய இன்பங்களை நினைப்பது, மறுமைப் பலனை வேண்டுவது. சாக ஆசைப்படுவதும் குற்றம் என்பதைப் படித்தபோதுதான் இந்தக் கதையை எழுத எனக்குத் தைரியமே வந்தது.

மார்ச் 16

இன்று முழுக்க ஒரே வாக்குவாதம். ரென்பையில் மவுஸ் சக்கரத்தை மேலே உருட்டினால் கதை பின்னால் போகும். தண்ணீர் கொடுத்துவிட்டு, உருட்டி, கொடுக்காமலும் பார்க்கலாம். இதை அனுமதிப்பதா?

“நோன்புன்னா நோன்புதான், திரும்பக் கூடாது” என்றான் சித்தப்பா மகன். தங்கை விடவில்லை. “அண்ணே, எல்லாப் பக்கமும் பாருன்னு சொல்றவங்களப் பத்திக் கதை எழுதிட்டு, இன்னொரு பக்கத்தப் பாக்கவே விடமாட்டேன்னா எப்படி?”

அவள் கேட்டது நியாயம். இரவு வரை யோசித்தேன். பல பக்கம் என்பது அறிவதற்கு. செய்யும்போது மாணாக்கனின் கை ஒரு பக்கம்தான் நீளும், அதை அவன் மறக்கவும் முடியாது. அதனால் மற்ற இடங்களில் இப்படிப் பின்னால் உருட்டும் ரோல்பேக் இருக்கட்டும். குடத்தை எடுக்கும் இடத்தில் மட்டும் அடைத்துவிட்டேன், ஒரே வரி நிரல்தான். பழைய சேமிப்பைத் திறந்து வேறு வழியில் போகிறவரை நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் ஆட்டம் அதை நினைவில் வைத்திருக்கும். ஆட்டங்கள் மாறினாலும் அழியாத தரவு என்று ரென்பையில் ஒன்று உண்டு. அதைப் பார்த்து அம்மாவின் வசனம் மாறும்: “போன தடவ நீ வேற மாதிரி சொன்னியேப்பா.”

தங்கைக்கு இது பிடித்துவிட்டது. அம்மாவின் முகத்தைத் திரும்ப வரைகிறாள்.

மார்ச் 20

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றுக் கல்வெட்டு, சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் நோற்றதைச் சொல்கிறது. அந்த 57 எங்கள் கதைக்கும் வந்துவிட்டது. நாள் எண்ணைத் திரையில் காட்டவில்லை. விளக்கின் எண்ணெய் குறைவதை மட்டும் காட்டுகிறோம்.

மார்ச் 26

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை விளையாட வைத்தோம். குடம் வந்ததும் மற்ற தேர்வுகளைப் படிக்கக்கூட இல்லை, உடனே தண்ணீர் கொடுத்துவிட்டார். “தாகத்துல கெடக்குற மனுசனுக்குக் குடுக்க யோசிக்கணுமாப்பா?” துறவி வாயை மூடிக்கொண்டு முகம் திருப்பும் படம் வந்தபோது பெரியம்மாவுக்குக் கோபம், அப்புறம் வெகுநேரம் பேச்சே இல்லை. கடைசியில், “அந்தப் பையன் மேல தப்பு சொல்லிடாத” என்றார்.

சொல்லமாட்டேன். இரக்கம் அந்தப் பையனின் பக்கம் இருக்கிறது. அந்தக் கிளையில் மறுநாள் காலை துறவி அவனிடம் பேசும் காட்சி ஒன்றைச் சேர்த்தேன். அவர் மன்னிக்கவில்லை, ஏனென்றால் மன்னிக்க எதுவும் நடக்கவில்லை என்று நினைக்கிறார்.

மார்ச் 31

விளையாட்டுகளை வெளியிடும் இட்ச் ஐஓ தளத்தில் ஏற்றியாகிவிட்டது. விஷுவல் நாவல்களில் நல்ல முடிவு, கெட்ட முடிவு, உண்மையான முடிவு என்று பெயர் வைப்பது வழக்கம். எங்கள் மூன்று முடிவுகளுக்கும் பெயர் இல்லை. கணினிப் பதிப்பு மட்டும்தான் இப்போது. ஆண்ட்ராய்டுக்கானதை இந்த வாரமே முடிக்க வேண்டும், பெரியம்மா போனில் இன்னொரு தடவை விளையாடணும் என்று கேட்டிருக்கிறார்.