கவுன்சில் தந்த ஹோட்டல் அறையில் 47 இரவுகள்

2022 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் கடிதத்தை நீட்டினார். "தம்பி, குறை நினைக்காதையும். மோர்ட்கேஜ் வட்டி எகிறிப் போச்சு, விக்கிறதைத் தவிர வேற வழி இல்லை" என்றார். அதில் பொய் இல்லை. அந்தச் செப்டெம்பர் மினி பட்ஜெட்டுக்குப் பிறகு பிரித்தானியாவில் வட்டி ஏறிய வேகம் எல்லோருக்கும் தெரியும். லண்டனின் வடமேற்குப் பக்கம் அவருடைய வீட்டில் 7 வருடம் இருந்தோம், ஒரு மாத வாடகைகூடப் பிந்தவில்லை. கடிதம், இங்கிலாந்துச் சட்டத்தில் அப்போது இருந்த செக்ஷன் 21 நோட்டீஸ். அதாவது உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, ஆனாலும் 2 மாதத்தில் வீட்டை விடுங்கள்.

முதலில் நான் பயப்படவில்லை. வேலை இருக்கிறது, வேறு வீடு பார்த்தால் போகிறது என்று நினைத்தேன். நாங்கள் கட்டியது மாதம் 1,450 பவுண். அதே மாதிரி 2 அறை வீட்டுக்கு இப்போது 2,000 கேட்டார்கள். அதோடு வருடச் சம்பளம் மாத வாடகையைப் போல 30 மடங்கு இருக்கவேண்டுமாம். டெலிவரி வான் ஓட்டுகிறவனுக்கு 60,000 பவுணுக்கு எங்கே போவது? அரசாங்கம் தரும் வாடகை உதவியின் உச்சவரம்பும் 2020இலிருந்து ஏறாமல் நின்றது. 2024 ஏப்ரலில்தான் ஏற்றினார்கள். ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் வாசலில் 20 பேர் நின்றார்கள். சிலர் அங்கேயே 6 மாத வாடகையை முன்பணமாகத் தருகிறேன் என்றார்கள்.

நோட்டீஸ் முடிய 56 நாள் இருக்கும்போதே கவுன்சிலுக்கு, அதாவது உள்ளூராட்சி சபைக்குப் போகலாம் என்பது எனக்கு ஒரு சட்ட ஆலோசனை நிலையத்தில் சொல்லித்தான் தெரியும். 2017இல் நிறைவேறி 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. வீடு போவதற்கு முன்பே தடுக்க உதவுவது கவுன்சிலின் கடமை. அந்த ஆலோசனை நிலையத்தில் வேலை செய்த அக்கா நோட்டீஸையும் ஒருக்கா பார்த்தார். டெபாசிட் முறைப்படி பாதுகாப்புத் திட்டத்தில் போட்டிருக்கிறதா, காஸ் சர்டிபிகேட் தந்தார்களா என்றெல்லாம் கேட்டார். இதில் ஏதாவது பிழையாக இருந்திருந்தால் நோட்டீஸே செல்லாமல் போயிருக்கும். எங்கள் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தார், என்ன செய்ய.

கவுன்சிலில் ஒரு ஹவுசிங் ஆபிசரைத் தந்தார்கள். பாஸ்போர்ட், விசாவை இணையத்தில் காட்டும் ஷேர் கோட், 3 மாத பாங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கேட்டார்கள். பிறகு ஒரு 'தனிப்பட்ட வீட்டுத் திட்டம்' வந்தது. பெயர் பெரிது. உள்ளே இருந்தது, இந்த இந்த இணையத்தளங்களில் வீடு தேடுங்கள் என்பதுதான். கூடவே, பெயிலிஃப் (வீட்டைக் காலிசெய்யக் கோர்ட் அனுப்பும் அதிகாரி) வரும்வரை வீட்டை விடாதீர்கள் என்று வாயால் சொன்னார்கள்.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பலர் பிழை விடுகிறார்கள். மனைவிக்கும் அதே யோசனைதான். "அந்தாள் இவ்வளவு காலம் நல்லா வைச்சிருந்தது, ஏனப்பா கோர்ட்டுக்கு இழுக்கிறீங்கள்? மரியாதையாத் திறப்பைக் குடுத்திட்டு மாமா வீட்டை போவம்" என்றா. நான் ஓம் என்றும் சொல்லிவிட்டேன். ஆனால் அப்படிப் போனால் 'வேண்டுமென்றே வீடிழந்தவர்' என்று எழுதிவிடக்கூடும், அதற்குப் பிறகு நிரந்தர உதவி கிடையாது என்று அந்த அக்கா சொன்னார். வெட்கத்தை விட்டுவிட்டு இருந்தோம். ஒன்று மட்டும் செய்தேன்: பெயிலிஃப் வரும்வரை இருக்கச் சொன்னதை எழுத்தில் தாருங்கள் என்று மின்னஞ்சல் போட்டேன். ஏனென்றால் அரசாங்கத்தின் வழிகாட்டி நூலே, அதுவரை குடும்பங்களை இருக்கச் சொல்வது நியாயமில்லை என்கிறது. பதில் வரவில்லை. கேட்டதற்கு ஆதாரம் என் கையில் இருந்தது, அது பிறகு உதவியது.

வீட்டுக்காரர் போட்ட வழக்கு காகிதத்திலேயே நடந்தது. நேரில் கூப்பிடவில்லை. கஷ்டம் என்று எழுதிக் கேட்டதால், வீட்டை விட 14 நாளுக்குப் பதிலாக 42 நாள் தந்தார்கள், அதற்கு மேல் தரவும் முடியாது. வீட்டுக்காரரின் கோர்ட் செலவு 355 பவுணும் என் தலையில் விழுந்தது. பெயிலிஃப் திகதி 2023 ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தரைக்குப் பூட்டு மாற்றினார்கள். வீட்டுக்காரர் காருக்குள்ளேயே இருந்தார், இறங்கவில்லை. அவர் அழுதிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

கவுன்சில் வரவேற்பறையில் 11 மணியிலிருந்து இருந்தோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. மாலை 6 மணிக்கு ஒரு முகவரி வந்தது: லண்டனுக்கு வெளியே, மோட்டார்வே ஓரம், லாரிக்காரர்களும் விற்பனைப் பிரதிநிதிகளும் ஓரிரவு தங்கும் ஹோட்டல். பழைய காலத்து மோட்டல்தான். ஒரு பெரிய கட்டில், இழுத்தால் விரியும் ஒரு சோபா, ஒரு கேத்தில். குசினி இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, மைக்ரோவேவும் இல்லை. தனி ஆளாக, வேறு பலவீனம் எதுவும் இல்லாதவனாக இருந்திருந்தால் அந்த அறையும் கிடைத்திருக்காது. பிள்ளைகள் இருந்ததால்தான் அன்றிரவே இடம்.

அந்தத் தாழ்வாரத்தில் எங்களைப் போல இன்னும் பல குடும்பங்கள் இருந்தன. ஒரு சோமாலியத் தாய், ஆப்கான் குடும்பம் ஒன்று, பேரப்பிள்ளையோடு ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. சனிக்கிழமைகளில் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பலூனோடு லிஃப்டில் ஏறுவார்கள். அவர்களுக்கு நாங்களும் விடுமுறைக்கு வந்த குடும்பம்தான். அந்தக் கோடையில் இங்கிலாந்தில் இப்படித் தற்காலிக இடங்களில் 1 லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன, அவற்றில் 1,30,000க்கு மேற்பட்ட பிள்ளைகள். இதைப் பிறகு செய்தியில் வாசித்தேன். அப்போது எனக்கு எங்கள் தாழ்வாரம் மட்டும்தான் தெரியும்.

சாப்பாடுதான் சரியான கஷ்டம். கேத்தில் தண்ணீரில் நூடில்ஸ், பாண், வாழைப்பழம். ரைஸ் குக்கரைச் சூட்கேசுக்குள் ஒளித்துக் கொண்டுபோயிருந்தோம். முதல் நாள் யன்னலைத் திறந்துவைத்துப் பருப்பு அவித்தபோது மனைவி புகை அலாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் சாப்பிட்டோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அதனால் காலை ஐந்தரைக்கு எழும்பி ஒரு ரயில், 2 பஸ். மகள் பஸ்ஸிலேயே வீட்டுப்பாடம் செய்தாள். இது சரியான முடிவா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

கவுன்சில் அறையை 7 நாளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். வெள்ளிக்கிழமை 12 மணிக்குக் கதவுக் கார்ட் செத்துவிடும். ஆபிசர் மறந்தால் சாமான் உள்ளே, நாங்கள் வெளியே. இரண்டு தடவை அப்படி நடந்தது. ஒருமுறை மகனின் ஆஸ்துமா பம்ப் உள்ளே இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் தன் பொறுப்பில் கதவைத் திறந்துவிட்டாள்.

இன்னொரு பொறி காசில் இருந்தது. குறைந்த வருமானக்காரருக்கு அரசாங்கம் தரும் யூனிவர்சல் கிரெடிட் எடுக்கிறோமே, அதில் வாடகையும் வந்துவிடும் என்று இருந்தேன். தற்காலிக இடத்துக்கு அதில் வாடகை வராது. கவுன்சிலிடம் தனியாக ஹவுசிங் பெனிபிட் என்ற வாடகை உதவிக்கு விண்ணப்பிக்கவேண்டும். யாரும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் பில் வந்தபோதுதான் தெரிந்தது. விண்ணப்பத்தை முதல் நாளே போடுங்கள்.

அப்புறம் 6 வாரக் கணக்கு. பிள்ளைகள் உள்ள குடும்பத்தையும் கர்ப்பிணியையும் சமையல், குளியல் வசதியைப் பகிரும் அல்லது அது இல்லாத இப்படியான இடத்தில் வேறு வழியே இல்லாவிட்டால்தான் வைக்கலாம். அதுவும் 6 வாரம் மட்டும். 2003ஆம் ஆண்டின் ஆணை இது. கவுன்சிலே நடத்தும் ஹாஸ்டலுக்கு இது பொருந்தாது, தனியார் ஹோட்டலுக்குப் பொருந்தும். கவுன்சிலில் யாரும் அந்த நாளை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. மகளின் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான் கோடு போட்டு எண்ணினேன். 35ஆவது நாள் மின்னஞ்சல் போட்டேன், சத்தம் இல்லை. 42 தாண்டிய மறுநாள் அந்த அக்கா சட்ட உதவியில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்துத் தந்தார். அவர் வழக்குப் போடுவோம் என்று ஒரு கடிதம் அனுப்பினார். நான் அனுப்பிய எல்லாவற்றையும் இணைத்திருந்தார், எழுத்தில் தாருங்கள் என்று கேட்ட பழைய மின்னஞ்சல் உட்பட. 47 இரவு முடிந்த காலையில் ஒரு 2 அறை ஃபிளாட் கிடைத்தது. இடம் இருந்திருக்கிறது, அல்லது கடிதத்துக்குப் பிறகு உண்டானது.

அதுவும் தற்காலிகம்தான். ஆனால் குசினி இருந்தது. முதல் இரவு மனைவி வெங்காயம் தாளித்த வாசனைக்கு மகன் ஓடிவந்து அடுப்படியில் நின்றான்.

அதற்குப் பிறகு, எங்களுக்கு வீடு தரும் முழுக் கடமையையும் ஏற்றுக்கொள்கிறோம் என்ற கடிதம் வந்தது. 2 வருடம் அசையவில்லை. போன வாரம் இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸில், நாங்கள் கேள்விப்பட்டிராத ஒரு ஊரில், தனியார் வீடு ஒன்று தருவதாக எழுதியிருக்கிறார்கள். மறுத்துவிட்டு, மறுபரிசீலனை கேட்டுத் தோற்றால் கடமை முடிந்தது என்று கவுன்சில் கைகழுவலாம். ஏற்றுக்கொண்டு, இது எங்களுக்குப் பொருந்தாது என்று மறுபரிசீலனையும் கேட்கலாம், அதற்கு 21 நாள். மனைவி வீட்டின் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கிறா, தோட்டம் இருக்கிறதாம். நான் பள்ளிக்கூடத்தையும் வேலையையும் பார்க்கிறேன். இன்று 9ஆவது நாள். நாளை காலை அந்த அக்காவிடம் நேரம் எடுத்திருக்கிறேன்.