சைக்கிள் வந்துவிட்டது, ரோட்டைக் கடப்பதுதான் பாக்கி

அண்ணன் மகள் இந்த வருஷம் பிளஸ் ஒன், அதனால் பள்ளியில் அரசு சைக்கிள் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை நான்தான் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். எல்லா நட்டையும் ஒரு சுற்று முறுக்கி, பின் வீலுக்குப் பெண்டு எடுத்து, பிரேக் கட்டையை மாற்றியதில் முந்நூறு ரூபாய் போயிற்று. "கவர்ன்மென்ட் சைக்கிளா? நேத்து மட்டும் ஆறு வந்துச்சு" என்றார் கடைக்காரர். குறை சொல்லவில்லை, நல்ல வண்டி, முன்னால் கூடை இருக்கிறது, அதில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு அவள் மிதிக்கிற வேகமே தனி.

சிக்கல் வேறு இடத்தில். எங்கள் ஊர் நான்குவழிச் சாலைக்கு இந்தப் பக்கம், பள்ளி அந்தப் பக்கம். முன்பு ஊருக்கு நேரே சென்டர் மீடியனில் ஒரு இடைவெளி இருந்தது, ஒரு விபத்துக்குப் பிறகு அதையும் அடைத்துவிட்டார்கள், இப்போது முறைப்படி திரும்ப வேண்டுமென்றால் இரண்டு கிலோமீட்டர் போய் வளைந்து வர வேண்டும். எந்தப் பிள்ளை போகும்? சென்ற வாரம் கூடப் போய்ப் பார்த்தேன். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஓடி, மீடியன் மேல் சைக்கிளைத் தூக்கி வைத்து, அரளிச் செடிகளுக்கு நடுவே வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, மறுபக்கம் காலியானதும் இறக்கி ஒரே ஓட்டம். ஹேண்டில்பாரில் அரளிக் கிளை மாட்டிக்கொண்டதை ஒரு கையால் விடுவித்துக்கொண்டே, "தினம் இப்படித்தான் சித்தப்பா" என்றாள். அவளுக்கு முன்னால் இரண்டு ஆறாம் வகுப்புப் பையன்கள் கைகோத்துக்கொண்டு நடந்தே கடந்தார்கள்.

சைக்கிள் கொடுப்பதில் நம் அரசு கை சுருக்கியது என்று சொல்லவே முடியாது. 2001-02ல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்த திட்டம், 2005-06லிருந்து அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லாருக்கும் வந்தது. பத்தாவதோடு படிப்பு நின்றுபோகிற வீடுகளில் ஒரு சைக்கிள் என்ன செய்யும் என்பதற்குப் பீகாரே சாட்சி. அங்கே 2006ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தார்கள். அதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்பிள்ளைகள் சுமார் 30 சதவீதம் கூடினார்கள் என்று கண்டார்கள். பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே வீட்டுக்கு வீடு சைக்கிள் உண்டு, ஓட்டத்தான் வழியில்லை. 1969ல் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பிள்ளைகள் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்களாம், 2009ல் அது 13 சதவீதம், மற்றவர்கள் கார் அல்லது பஸ். ஜேம்ஸ் ஓபர்ஸ்டார் என்ற மினசோட்டா எம்.பி. (அவரே சைக்கிள் பைத்தியம்) விடாமல் முயன்று 2005ல் 'சேஃப் ரூட்ஸ் டு ஸ்கூல்' (பள்ளிக்குப் பாதுகாப்பான வழி) திட்டத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார். ஐந்து வருஷத்துக்கு 61 கோடி டாலருக்கு மேல், எவ்வளவு சின்ன மாநிலமானாலும் வருஷம் குறைந்தது 10 லட்சம் டாலர், இதைக் கவனிப்பதற்கென்றே மாநிலத்துக்கு ஒரு முழுநேர ஆள்.

எனக்குப் பிடித்தது அந்தப் பணத்தைப் பிரித்த விதம். 70லிருந்து 90 சதவீதம் வரை நடைபாதை, கடக்கும் கோடு, வேகத்தடை மாதிரி வேலைகளுக்குத்தான் போக வேண்டும், அதுவும் பள்ளியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டருக்குள். மிச்சத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி, போலீஸ் கண்காணிப்பு. ஆனால் 2012ல் தனி நிதியை எடுத்துவிட்டு வேறொரு பெரிய திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள், அப்புறம் நடைபாதை கேட்கும் பள்ளி மற்ற வேலைகளோடு போட்டி போட வேண்டியதாயிற்று. தனிக் கணக்கு இல்லாத பணம் எங்கே போகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா! சென்னை மாநகராட்சி 2014ல் போக்குவரத்துச் செலவில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று கொள்கை போட்டது, அந்த ஊரில் நடந்து பாருங்கள்.

எங்கள் ஊருக்கு இதுவரை கிடைத்த பாதுகாப்பு, நகைக்கடை விளம்பரம் போட்ட இரண்டு பேரிகேட். அதில் ஒன்றை லாரி இடித்துவிட்டது. விசாரித்தால் பஞ்சாயத்தில் "அது ஹைவேஸ் வேலை" என்கிறார்கள், அங்கே போனால் இங்கே கைகாட்டுகிறார்கள். சரி, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாகவே போட்டுவிடுவோம் என்று அண்ணன் மகளை மனு எழுதச் சொன்னேன், அவள் கையெழுத்து நன்றாக இருக்கும். சுரங்கப்பாதை, சர்வீஸ் ரோட்டில் வேகத்தடை என்று நான் சொல்லச் சொல்ல எழுதினாள். வாங்கிப் பார்த்தால் நான் சொல்லாத ஒன்றை முதல் வரியாகப் போட்டிருக்கிறாள்: ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஏழு மணிக்குத் திரும்பும்போது அந்த இடத்தில் விளக்கு எரிவதில்லை.