மார்கழியில் சுவிஸ் மலை: ஸ்னோ குறைவென்றால்

திருகோணமலையில் மாரி கொட்டுகிற மார்கழியில் சூரிச்சுக்கோ பேர்ணுக்கோ வந்து சேருகிறவர்களின் முதல் ஆசை ஸ்னோவைத் தொட்டுப் பார்ப்பது. வந்து இறங்கினால் வெளியே மழையும் சேறும். நத்தாரை ஒட்டி மேற்கிலிருந்து சூடான ஈரக்காற்று வந்து, விழுந்த ஸ்னோவையும் கரைத்துவிடுவது இங்கே அடிக்கடி நடப்பதுதான். அதற்காக மலைப் பயணத்தைக் கைவிடத் தேவையில்லை. இடத்தை ஊரின் புகழைப் பார்த்துத் தெரிவுசெய்யாமல், உயரத்தையும் நிழலையும் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள்.

வானிலை அறிக்கையில் பூச்சியப் பாகைக் கோடு, அதாவது வெப்பநிலை உறைநிலைக்கு இறங்கும் மட்டம், எந்த உயரத்தில் என்று போட்டிருக்கும். ஸ்னோ ஏறத்தாழ அதற்கு 300 மீற்றர் கீழ்வரைதான் விழும். கோடு 1,800 இல் நின்றால் 1,500 மீற்றருக்குக் கீழே மழைதான். 1,797 மீற்றர் உயர றிகி மலை அப்போது இழுபறி. 3,000 மீற்றரைத் தாண்டிய திற்லிஸ் மலையில் பனியாறே இருப்பதால் ஏமாற்றம் குறைவு. ஆனால் கடல் மட்டத்து ஊர்க்காரர் அங்கே படியேறும்போது அவசரப்படக்கூடாது. தலையிடி வந்தால் மருந்தைத் தேடாமல் கீழே இறங்குங்கள்.

நிழல் விஷயம் நம்மவர்களுக்குப் பிடிபட நாளெடுக்கும். மார்கழி நண்பகலில் திருமலையில் சூரியன் கிட்டத்தட்ட 58 பாகை உயரத்தில் நிற்கும். பேர்ணில் வெறும் 20 பாகை. அதனால் வடக்குப் பார்த்த சரிவில் நாள் முழுக்க வெயில் படாமல் ஸ்னோ தங்கும், எதிர்ச் சரிவில் புல் தெரியும். வெப்கமராவில் பார்க்கும்போது படம் எந்தப் பக்கத்துச் சரிவு என்று கவனியுங்கள்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஸ்கீயைவிட ஸ்லிட்டன் எனும் மரச் சறுக்குவண்டியே தோதானது. பிறேடா என்ற மலையூரிலிருந்து கீழேயுள்ள பேர்குண்வரை 6 கிலோமீற்றர் ஓடுகிற பாதை பெயர்பெற்றது. பாதை திறந்திருக்கிறதா என்று அன்று காலையே பாருங்கள். கேபிள்கார் உள்ள மலைகளில், ஸ்னோ மெலிந்த நாளில் கீழ்ப்பகுதியை மூடிவிடுவார்கள், பாதியில் இறங்கிக் கேபிள்காரில் வரவேண்டும். காலையில் பாதை கண்ணாடிபோல் இறுகியிருக்கும், பின்னேரம் கஞ்சியாகும். பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் போவதே நல்லது. நிறுத்த, இரு சப்பாத்தின் அடியையும் தட்டையாக ஸ்னோவில் பதித்து, வண்டியின் முன்பக்கத்தை உங்களை நோக்கி மேலே இழுங்கள். கல் தெரிகிற இடத்தில் இரும்புப் பட்டை அடித்து வண்டி சட்டென்று நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் போவார். தலைக்கவசம் இல்லாமல் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

நடக்க விரும்பினால் இளஞ்சிவப்புக் கைகாட்டிகளைப் பின்பற்றுங்கள். அவைதான் குளிர்காலப் பாதைக்கு உரியவை. பகலில் கரைந்த நீர் இரவில் உறைவதால், ஸ்னோ குறைந்த ஆண்டில்தான் வழுக்கல் மோசம். சப்பாத்தின் மேல் மாட்டும் இறப்பர் ஆணிப்பட்டி பைக்குள் இருக்கட்டும். உள்ளே பருத்தி பெனியன் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. இரண்டு சோடி காலுறையைத் திணித்து இறுக்கினால் இரத்தம் ஓடாமல் கால் இன்னும் விறைக்கும்.

மலிவான முற்பதிவு ரயில் ரிக்கெற் குறித்த ரயிலுக்கு மட்டுமே செல்லும். வானிலை பார்த்துப் புறப்படுகிற பயணத்துக்கு அது சரிவராது, அரைக்கட்டண அட்டைதான் தோது. ஊரில் நாள்கணக்காக மூடுபனி என்றால் உடனே புறப்படுங்கள்: பல நாட்களில் 1,000 மீற்றரைத் தாண்டியதும் வெயில், கீழே பஞ்சுக் கடல்.

ஸ்னோவே கிடைக்காவிட்டால் லொய்கர்பாத் என்ற மலையூரின் வெந்நீர்க் குளங்கள் இருக்கின்றன. 1,400 மீற்றர் உயரத்தில், ஊற்று வாயில் 51 பாகை. திருமலையின் கன்னியாய் வெந்நீர்க் கிணற்றில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவதுபோல் இல்லை. குளித்துவிட்டு நீச்சலுடையோடு கழுத்தளவு இறங்கி இருக்கவேண்டும், சாரமோ ரீசேட்டோ எடுபடாது. வெளியே வருமுன் தலைமுடியை நன்றாக உலர்த்துங்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முன்பே பார்த்து வையுங்கள்.