விலை மலிந்த சிவப்பு ஒயின்: நாட்குறிப்பு

மார்ச் 7, வெள்ளி

விலை குறைந்த கோட் டு ரோன் என்னும் சிவப்பு ஒயின் புட்டி ஒன்றை இன்று மாலை திறந்தோம். பிரான்சின் தென்கிழக்கில், ரோன் ஆற்றின் இரு கரையிலும் விளையும் திராட்சை. 1937 முதல் சட்டம் காத்துவரும் பெயர் இது. எல்லைக்கு வெளியே விளைந்ததை இந்தப் பெயரில் விற்க முடியாது. லேபிளில் திராட்சை வகை எதையும் குறிப்பிடவில்லை. ரோன் கரை நகரமான அவிஞோன் பக்கத்து ஒயின் என்றால் பெரும்பாலும் கிரெனாஷ் திராட்சைதான் முதன்மை. சிரா, மூர்வெத்ர் எல்லாம் துணைக்கு.

முதல் வாய் பிடிக்கவில்லை. மது நெடி மூக்கில் ஏறியது, பழத்தின் மணம் எங்கோ பின்னால் நின்றது. சிவப்பு ஒயினை அறையின் சூட்டிலேயே குடிக்க வேண்டும் என்பது குளிர்ந்த கல்வீடுகளில் வாழ்ந்தவர்களுக்குச் சரி. 16 டிகிரிக்கு மேல் போகப் போக, மலிவான ஒயினில் மதுவின் காரம்தான் முந்திக்கொண்டு வருகிறது. அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தேன். அதே ஒயின்தானா என்று வியக்கும்படி செர்ரி மணம் எழுந்தது. விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்லிய மிளகு வாசம்.

மிளகு என்பது கற்பனை இல்லை. மிளகுக்கு மணம் தரும் ரொட்டண்டோன் என்னும் சேர்மமே சிராவின் தோலிலும் இருப்பதை 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது மூக்கில் படுவதே இல்லையாம். என் மனைவி கோப்பையை மூன்று தடவை முகர்ந்துவிட்டு, "பழம் மட்டும்தான் தெரிகிறது, நீங்கள் சொல்கிற மிளகைக் காணோம்" என்றாள். ஒரே கோப்பையில் இருவருக்கும் இரண்டு ஒயின்! இதைப் பற்றியே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

மார்ச் 8, சனி

தக்கையை அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்த மீதி, நேற்றையதைவிட நன்றாக இருக்கிறது. நேற்று ஈறுகளை இழுத்துப் பிடித்த துவர்ப்பு இன்று இளகிவிட்டது. டானின் என்னும் துவர்ப்புப் பொருள் எச்சிலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால்தான் வாய் அப்படி உலர்கிறது. பாலாடைக்கட்டித் துண்டு ஒன்றை மென்றுவிட்டுக் குடித்தால் அந்த முரடும் காணாமல் போகிறது. விலையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதற்கு ஓர் இரவு அவகாசம் கொடுத்துப் பார்க்கட்டும்.

மார்ச் 10, திங்கள்

பழம் போய்விட்டது, புளிப்பு மட்டும் மிச்சம். அடிவண்டலோடு குழம்பில் ஊற்றிக் கொதிக்கவிட்டேன். அடுத்து தென் பிரான்சின் கொர்பியேர் ஒயின். அங்கே கரிஞான் திராட்சைக்கு முக்கிய இடம்.