பிள்ளை பிறந்த முதல் வாரம்

ஏழாம் மாதம் கழிந்து தாய்வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு நம் குமரி மாவட்டத்தில் கவனிப்புக்குக் குறைவே இருக்காது. சாளைக்கறி, முருங்கைக்கீரை, பேறுகால மருந்துக்குக் கருப்பட்டி என்று வீடே ஓடியாடும். ஆனால் பிள்ளை பிறந்ததும் அதன் வாயில் எதை வைக்கலாம், எதை வைக்கவே கூடாது என்று மட்டும் யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. தையல் வலியில் கிடக்கும்போது அதைப் பேசத் தெம்பு இருக்காது. எட்டாம் மாதத்திலேயே அம்மாவையும் மாமியாரையும் உட்கார வைத்துப் பேசி முடித்துவிடுங்கள்.

முதலில் பால். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போட வேண்டும். சிசேரியன் என்றாலும் தாய்க்கு நினைவு தெளிவாக இருந்தால் பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள, கொடுக்கலாம். முதல் இரண்டு மூன்று நாள் வருவது மஞ்சளாகப் பிசுபிசுவென்ற சீம்பால். அளவு கொஞ்சம்தான். முதல் நாளில் பிள்ளைக்கு ஒரு வேளைக்குத் தேவையும் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன்தான். இதைத் தெரியாமல் "பாலே ஊறலயே" என்று பால்பவுடர் கரைத்துக் கொடுப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வயிறு நிறைந்த பிள்ளை மார்பை உறிஞ்சாது. உறிஞ்சாவிட்டால் பால் சுரப்பு குறையும். இல்லாத குறை அப்படித்தான் உண்மையாகிறது.

பால் போதுகிறதா என்று அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூத்திரத்தை எண்ணுங்கள். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு என்று கூடிக்கொண்டே போய், ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் போக வேண்டும். எடை முதல் சில நாள் கொஞ்சம் குறையும். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் டாக்டர் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பழைய எடை திரும்பிவிட வேண்டும்.

காம்பு வெடித்து வலிக்கிறது என்றால் பெரும்பாலும் பிள்ளை காம்பை மட்டும் கவ்வியிருக்கிறது என்று அர்த்தம். சுத்தமான சுண்டுவிரலை வாயோரம் நுழைத்து, பிடியைத் தளர்த்தி எடுங்கள். வாயை நன்றாகத் திறக்கும்வரை பொறுத்து மறுபடி போடுங்கள். தாடை மார்பில் ஒட்டியிருக்க வேண்டும், கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும், காம்பைச் சுற்றிய கருவட்டம் கீழே மறைந்து மேல்பக்கம் கொஞ்சம் தெரிய வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை கொடுக்கணும், ராத்திரியும் சேர்த்து.

சேனை தொட்டு வைப்பது, தேன், சர்க்கரைத் தண்ணீர், தங்கம் உரசியது, வசம்பு எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பிள்ளையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும். அதனால் ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது. பாட்டிக்கு மனசு கேட்காது, அதுவும் நியாயம்தான். 28-ம் நாள் அரைஞாண் கட்டும் வீடு என்றால் அதை அவர் கையாலே கட்டச் சொல்லுங்கள்.

தொப்புள்கொடியில் சாம்பல், மஞ்சள், எண்ணெய், பவுடர் ஒன்றும் போடாதீர்கள். காய்ந்தபடி விட்டால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே விழும். சுற்றிலும் சிவந்தாலோ சீழ் நாறினாலோ அன்றைக்கே காட்டுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குக் குளிப்பாட்ட வேண்டாம், துடைத்தால் போதும். எடை குறைந்த பிள்ளைக்கு இன்னும் தள்ளிப் போடணும். பிறகு தேங்காய் எண்ணெய் மெதுவாகத் தடவலாம். மூக்கிலும் காதிலும் சொட்டு விடக் கூடாது, மூக்கில் விட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். சில பிள்ளைகளுக்கு மார்பு வீங்கியிருக்கும். அது தாயின் ஹார்மோனால் வருவது. அதைப் பிதுக்கிப் பால் எடுத்தால் சீழ் கட்டும். பெண்பிள்ளைக்கு முதல் வாரம் துளி ரத்தம் படுவதும் அதே காரணத்தால்தான், பயப்பட வேண்டாம்.

மஞ்சள் காமாலை விஷயத்தில்தான் நம் ஊரில் அதிகம் தாமதமாகிறது. "காலை வெயில் காட்டு, போயிரும்" என்பார்கள். ஜூனிலும் அக்டோபரிலும் இங்கே வெயிலையே காண முடியாது. வெயில் அடித்தாலும் அது சிகிச்சை ஆகாது. பகல் வெளிச்சத்தில் நெற்றியையும் நெஞ்சையும் விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் லேசான மஞ்சள் பல பிள்ளைகளுக்கு வரும். முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சளித்தால், உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினால், பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் உடனே கொண்டுபோக வேண்டும். ரத்தத்தில் ஏறும் அந்த மஞ்சள் பொருள் அளவு மீறினால் மூளையைப் பாதிக்கும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. நேரத்தோடு நீலவிளக்கில் வைத்தால் பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். தாய்க்கு நெகட்டிவ் குரூப் ரத்தமும் பிள்ளைக்குப் பாசிட்டிவும் என்றால் அடுத்த பிள்ளையைக் காப்பாற்றும் ஆன்டி-டி ஊசியைத் தாய்க்கு 72 மணி நேரத்துக்குள் போட்டார்களா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

மூச்சு ஒரு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் போவது, நெஞ்சுக்குழி உள்வாங்குவது, உடம்பு சுடுவது அல்லது சில்லிடுவது, வலிப்பு, பால் குடிப்பதை நிறுத்துவது: இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சை முழு நிமிடமும் எண்ணுங்கள், பிறந்த பிள்ளையின் மூச்சு விட்டுவிட்டுத்தான் வரும். போகும் வழியில் குளிரவிடாமல் தாயின் நெஞ்சோடு தோல்மேல் தோல் படும்படி அணைத்து, மேலே போர்த்திக்கொள்ளுங்கள்.

தாய்க்குத் தண்ணீரைக் குறைக்கும் பத்தியம் வேண்டவே வேண்டாம். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தொடரணும். கட்டன்சாயாவோடு விழுங்கினால் சத்து சரியாக உடம்பில் சேராது. சாயாவுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால், காய்ச்சல் வந்தால், தலைவலியோடு கண் மங்கினால் தாயையும் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிரசவம் முடிந்த பிறகும் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரலாம்.

டிஸ்சார்ஜ் ஆகும்முன் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி), போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி (கல்லீரல் தொற்றுக்கான தடுப்பூசி), ரத்தக்கசிவைத் தடுக்கும் வைட்டமின் கே ஊசி நான்கும் போட்டது அட்டையில் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். ஹெபடைடிஸ் பி 24 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அடுத்த தடுப்பூசி ஒன்றரை மாதத்தில். அன்றைக்குத் தாயின் ரத்த அழுத்தத்தையும் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.