டிராகுலா செத்தானா இல்லையா

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலுக்கு இரண்டாம் பாகம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். எவன் கேட்டான்? 1897இல் வந்து, முடிந்து, தூசியாகிப் போன ஆள் (கதையிலேயே அப்படித்தான் போகிறான்). அவனைத் தோண்டி எடுத்து 2009இல் 'அதிகாரபூர்வத் தொடர்ச்சி' என்று போட்டு விற்றார்கள். தலைப்பு 'டிராகுலா தி அன்-டெட்'. எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் டேக்கர் ஸ்டோக்கர், பிராம் ஸ்டோக்கருக்கு உடன்பிறந்தவர் வழியில் கொள்ளுப்பேரன் முறை. இன்னொருவர் இயன் ஹோல்ட், திரைக்கதை எழுதுகிறவர். எரிச்சலோடுதான் வாங்கினேன், இரண்டே இரவில் முடித்துவிட்டேன். திட்டிக்கொண்டே முடித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கீழே இரண்டு புத்தகங்களின் கதையையும் போட்டு உடைக்கப் போகிறேன். படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள், நான் எங்கேயும் போய்விட மாட்டேன்.

முதல் புத்தகம் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது என்று யோசித்தால், எனக்கு எப்போதும் அந்தச் சவரக் காட்சிதான் வந்து நிற்கிறது. டிராகுலா பிரபுவின் கோட்டைக்கு வேலையாக வந்த இளம் வழக்கறிஞன் ஜோனதன் ஹார்க்கர் ஜன்னலோரம் ஒரு சின்னக் கண்ணாடியை மாட்டி முகம் மழித்துக்கொண்டிருக்கிறான். தோளில் ஒரு கை விழுகிறது, பின்னாலிருந்து 'காலை வணக்கம்' என்று குரல். கண்ணாடியில் பின்னாலிருக்கும் அறை முழுக்கத் தெரிகிறது, ஆளை மட்டும் காணோம். திடுக்கிட்டதில் கன்னம் வெட்டுப்பட்டு ரத்தம் தாடைக்கு வழிகிறது, பிரபுவின் கை அவன் கழுத்துக்குப் பாய்கிறது, அங்கே தொங்கும் சிலுவை மாலை விரலில் பட்டதும் அப்படியே அடங்குகிறது. பிறகு கண்ணாடியைத் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்துவிட்டு டிராகுலா போய்விடுகிறான். இதற்கு ஹார்க்கர் தன் நாட்குறிப்பில் என்ன எழுதுகிறான் தெரியுமா? கண்ணாடி போய்விட்டதே, இனி எப்படி மழிப்பது, கடிகார மூடியிலோ சவரக் கிண்ணத்தின் அடியிலோதான் முகம் பார்க்க வேண்டும் என்று அலுத்துக்கொள்கிறான். உயிர் போகிற இடத்தில் மனிதன் கவலைப்படுவது சவரத்தைப் பற்றி! படிக்கும்போது ஒரு பக்கம் சிரிப்பு வரும், இன்னொரு பக்கம் முதுகு சில்லிடும்.

இதில் இன்னொன்று இருக்கிறது. அந்தப் புத்தகம் முழுக்க எல்லோரும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஹார்க்கர் சுருக்கெழுத்தில் எழுதுகிறான், அவனுக்கு மனைவியாகும் மினா தட்டச்சு செய்கிறாள், மனநல மருத்துவர் செவார்ட் ஃபோனோகிராஃப் உருளையில் பேசிப் பதிகிறார், மினாவின் தோழி லூசி கடிதம் போடுகிறாள், கப்பல் தலைவன்கூடச் சாகும்வரை பதிவேடு எழுதிவைக்கிறான். டிராகுலாவுக்கு மட்டும் நாட்குறிப்பு கிடையாது. தன் கதையை அவன் பக்கத்திலிருந்து சொல்ல ஒரு வரிகூட அவனுக்குக் கொடுக்கப்படவில்லை. முதல் நான்கு அத்தியாயம் தாண்டினால் ஆளே அபூர்வம். மொத்தம் 27 அத்தியாயத்தில் மற்றதெல்லாம் வௌவால் நிழல், ஓநாய் ஊளை, கழுத்தில் இரண்டு புள்ளி, அவ்வளவுதான். அவன் மனதில் என்ன ஓடியது என்று தெரியாமலே புத்தகத்தை மூடுகிறோம், அதனால்தான் அவன் இன்னும் சாகவில்லை என்று எனக்கு ஒரு எண்ணம்.

இரண்டாம் பாகத்தில் முதலில் கை வைத்தது அந்த மௌனத்தின் மேல்தான். கதை 1912இல் நடக்கிறது. ஹார்க்கர் தம்பதியின் மகன் குயின்சி பெரியவனாகிவிட்டான், நடிகனாக ஆசை. பசராப் என்று ஒரு ருமேனிய நடிகர் வருகிறார். அவர் யார் என்று நமக்கு வெகு சீக்கிரம் தெரிந்துவிடுகிறது, குயின்சிக்குத்தான் நேரமாகிறது. வில்லி எலிசபெத் பாத்தரி, இளம்பெண்களைக் கொன்றதாகக் கதை சொல்லப்படும் அதே ஹங்கேரியச் சீமாட்டி. நடுவில் லண்டனின் தொடர்கொலைகாரன் ஜாக் தி ரிப்பர் வேறு. ரிப்பர் கொலைகள் 1888இல் நடந்தவை என்பதால் பழைய கதையையே அந்த ஆண்டுக்கு நகர்த்திவிட்டார்கள். மூலத்தில் ஸ்டோக்கர் ஆண்டைச் சொல்லாமல் தேதியை மட்டும் போட்டுக்கொண்டு போவார், அது இவர்களுக்கு வசதியாகப் போயிற்று. கடைசியில் டைட்டானிக் கப்பல் வேறு. ஆமாம், டைட்டானிக். அந்த இடத்தில் புத்தகத்தை மார்பின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். பொழுதுபோக்குக் கதை, மசாலா கொஞ்சம் தூக்கல், சரி. மினாவுக்குச் செய்ததுதான் ஆறவில்லை. இந்தப் புத்தகத்தின்படி மினா டிராகுலாவைக் காதலித்தவள். டிராகுலாதான் நல்லவன், அவனை வேட்டையாடிய பேராசிரியர் வான் ஹெல்சிங்கின் கூட்டம் புரியாமல் துரத்தியது. அப்புறம், குயின்சி ஜோனதன் ஹார்க்கருக்குப் பிறந்தவனே இல்லையாம், டிராகுலாவின் பிள்ளையாம்.

ஸ்டோக்கரின் மினா யார்? கட்டுக்கட்டாகக் கிடந்த நாட்குறிப்புகள், தந்திகள், செய்தித்தாள் துண்டுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கித் தட்டச்சு செய்து, 'இதோ இப்படித்தான் நடந்திருக்கிறது' என்று மற்றவர்களுக்குக் காட்டியவள் அவள். வேட்டைக்கு மூளையே அவள்தான். அவளை வலுக்கட்டாயமாகப் பிடித்துத் தன் மார்பு ரத்தத்தைக் குடிக்க வைக்கிறான் அவன். அந்தப் பக்கத்தை இன்றைக்குப் படித்தாலும் வயிறு கலங்கும். அதைக் காதல் என்று மாற்றி எழுதுகிறவர்கள் மேல் கோபம் வராதா? இத்தனைக்கும் இது இவர்கள் சொந்தமாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1992இல் கொப்போலா எடுத்த படத்திலேயே மினாவும் டிராகுலாவும் ஜென்ம ஜென்மமாகக் காதலர்கள். படம் பார்த்தவர்களுக்கு அதுதான் மூலக்கதை என்றே மனதில் பதிந்துவிட்டது. வெயில் பட்டால் வாம்பயர் (ரத்தம் குடிக்கும் பேய்) செத்துவிடும் என்பதும் இதே மாதிரிதான், 1922இல் வந்த நாஸ்ஃபெராட்டு என்ற மௌனப் படத்தோடு பரவியது. ஸ்டோக்கரின் ஆள் லண்டன் பிக்காடில்லியில் பட்டப்பகலில் நின்று ஒரு பெண்ணை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பான், சக்தி கொஞ்சம் குறையும், அவ்வளவே.

சரி, கோபத்தைக் கொட்டியாயிற்று. இனி என் கட்சியே எனக்கு எதிராகப் போகிற இடம்.

செவார்ட். இரண்டாம் பாகத்தில் அவர் மார்ஃபீன் ஊசிக்கு அடிமையாகி, வேலை போய், குடும்பம் போய், பைத்தியக்காரன் மாதிரித் திரிகிறார். முதலில் 'ஐயோ, இவரையும் கெடுத்துவிட்டார்களே' என்றுதான் தோன்றியது. அப்புறம் பழைய புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். லூசி அவரை வேண்டாம் என்று சொன்ன பிறகு ஒரு ராத்திரி, தூக்கம் வராவிட்டால் குளோரல் என்ற தூக்க மருந்து போட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறார், இது பழக்கமாகிவிடக் கூடாது என்று தனக்குத்தானே எச்சரிக்கையும் செய்துகொள்கிறார். ஒரே ஒரு வரி. நான் எத்தனையோ தடவை தாண்டிப் போன வரி. அந்த விதையை எடுத்து இருபத்தைந்து வருடத்துக்கு வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள், அது செவார்டாகவேதான் இருக்கிறது. என்னால் மறுக்க முடியவில்லை. காட்ஃபோர்ட் என்ற போலீஸ் இன்ஸ்பெக்டரும் அப்படித்தான். ஸ்டோக்கர் நாவலுக்காக எழுதிவைத்த குறிப்புகளில் அந்தப் பெயரில் ஒரு துப்பறிவாளர் இருந்தார், நாவலில் இடம் கிடைக்கவில்லை. நூறு வருடம் வாசலிலேயே நின்ற ஒருவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்ட மாதிரி இருந்தது.

மூலத்தின் கடைசிச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வாம்பயரைக் கொல்ல என்ன செய்ய வேண்டும் என்று வான் ஹெல்சிங் பக்கம் பக்கமாகப் பாடம் எடுப்பார். நெஞ்சில் முளை அடி, தலையை வெட்டு, வாயில் பூண்டு வை. லூசிக்கு ஒன்றுவிடாமல் அதைச் செய்கிறார்கள். டிராகுலாவின் கோட்டையில் இருக்கும் மூன்று வாம்பயர் பெண்களுக்கும் வான் ஹெல்சிங் முளை அடித்துத் தலையை எடுக்கிறார். தலைவனுக்கு? சூரியன் மறைகிற நொடியில் ஹார்க்கரின் குக்ரிக் கத்தி கழுத்தை அறுக்கிறது, வேட்டைக் கூட்டத்தில் இருந்த குயின்சி மோரிஸின் பெரிய கத்தி நெஞ்சில் இறங்குகிறது, உடம்பு தூசியாகிப் போகிறது. முளையும் இல்லை, பூண்டும் இல்லை. நிலா வெளிச்சத்தில் தூசியாக மாறி வருவதும் அவனுடைய வித்தைகளில் ஒன்று என்று அதே வான் ஹெல்சிங் முன்பே சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் ஆள் செத்தானா, தப்பினானா? இந்தச் சந்தேகம் ரசிகர்களுக்குக் காலங்காலமாக உண்டு. கதவைத் தாழ் போடாமல் விட்டுவிட்டுப் போனது ஸ்டோக்கரேதான், நுழைந்தவர்களை மட்டும் திட்டி என்ன பயன்?

இன்னொரு கதவும் உண்டு, அதுதான் எனக்கு அதிகம் பிடித்தது. அவர்கள் சேர்த்துவைத்த மூல ஆவணங்களை டிராகுலா நெருப்பில் போட்டுவிடுகிறான். தட்டச்சுப் பிரதி ஒன்று இரும்புப் பெட்டியில் இருந்ததால் தப்புகிறது. கடைசிப் பக்கத்தில், ஏழு வருடம் கழித்து, ஹார்க்கர் இதை ஒப்புக்கொள்கிறான்: எங்களிடம் உண்மையான ஆவணம் என்று அநேகமாக எதுவுமே இல்லை, பிற்பாடு எழுதிய சில குறிப்பேடுகள் போக வெறும் தட்டச்சுத் தாள்தான், இதை நம்பு என்று யாரையும் கேட்க முடியாது. அதாவது நாம் படித்ததில் பெரும்பகுதி மினா திரும்ப அடித்த பிரதி. அவள் எதையாவது மாற்றியிருந்தால்? எதையாவது மறைத்திருந்தால்? இரண்டாம் பாகக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டு நிதானமாக எழுதியிருந்தால் நானே மாலை போட்டிருப்பேன். அவர்கள் டைட்டானிக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதல் பாகத்தில் சொன்னதெல்லாம் பொய் என்று இரண்டாம் பாகம் சொல்வது தப்பே இல்லை. வாம்பயர் நாவல்கள் எழுதிய ஆன் ரைஸ் அதைத்தானே செய்தார்? 1976இல் வந்த 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' முழுக்க லூயி என்ற வாம்பயர் பேசுவான், அவனை வாம்பயராக்கிய லெஸ்டாட் அதில் ஒரு கொடுமைக்காரன். 1985இல் வந்த அடுத்த புத்தகத்தில் லெஸ்டாட் வாயைத் திறந்து, லூயி சொன்னதில் பாதி சரியில்லை என்கிறான். நான் கொஞ்சமும் கோபப்படவில்லை, லெஸ்டாட் பக்கம் சாய்ந்தேவிட்டேன். அங்கே எழுதியவர் ஒருவரே என்பது ஒரு காரணமாக இருக்கலாம். லெஸ்டாட் பேசியதால் லூயி சின்னவனாகிவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமான காரணம். இங்கே டிராகுலாவைத் தூக்கி நிறுத்த மினாவை இறக்க வேண்டியிருக்கிறது, ஹார்க்கரைக் குடிகாரனாக்க வேண்டியிருக்கிறது, ஏறக்குறைய எல்லோரையும் கெடுக்க வேண்டியிருக்கிறது.

மினாவுக்கு அவன்மேல் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. வேட்டையின் நடுவில், எல்லா ஆண்களும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, இத்தனை துன்பத்தையும் செய்த அந்த ஆன்மாதான் எல்லோரிலும் மிகவும் பரிதாபத்துக்குரியது, வெறுப்போடு கொல்லாதீர்கள் என்று அவள் கேட்கிறாள். நெற்றியில் அவனால் வந்த தழும்போடு கேட்கிறாள். அவன் தூசியாகும் கணத்தில் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததைப் பார்த்து எழுதிவைக்கிறவளும் அவள்தான். அது காதல் இல்லை, காதலைவிடக் கஷ்டமான ஏதோ ஒன்று. அதைக் கொண்டு ஒரு இரண்டாம் பாகம் எழுதலாமே, எழுதவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

குடும்பத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. அமெரிக்காவில் காப்புரிமைக்குச் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்யாமல் போனதால் அங்கே அந்தப் புத்தகம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் சொத்தாகிவிட்டது. ஸ்டோக்கர் 1912இல் இறந்தார், அவர் மனைவி ஃப்ளாரன்ஸ், அனுமதி வாங்காமல் எடுத்த நாஸ்ஃபெராட்டு மேல் வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்க நீதிமன்ற உத்தரவே வாங்கினார். படம் அழியவில்லை. வாம்பயர் படமல்லவா. ஊரே எடுத்து எழுதிய கதையை வீட்டுக்காரர் ஒருவர் எழுதினால் மட்டும் நான் ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்று கேட்டால், அட்டையில் இருக்கும் 'அதிகாரபூர்வ' என்ற சொல்தான். அது மட்டும் இல்லையென்றால் இன்னொரு ரசிகரின் கற்பனை என்று சிரித்துக்கொண்டே படித்திருப்பேன்.

இதையெல்லாம் தோழி ஒருத்தியிடம் போனில் புலம்பினேன். அவளுக்கு இரண்டாம் பாகம்தான் ரொம்பப் பிடிக்கும், அதுவும் நான் கோபப்படுகிற அதே காரணத்துக்காக. "அவனுக்கும் ஒரு வாய் வேண்டாமா டி" என்பாள்.

அன்றைக்கு நான் தயாராகவே போயிருந்தேன். மூலத்தில் கடைசிப் பக்கத்தில் ஒரு தேதிக் கணக்கு இருக்கிறது. மினாவின் குழந்தை பிறந்த நாளும் குயின்சி மோரிஸ் இறந்த நாளும் ஒன்று, நவம்பர் 6. டிராகுலா மினாவிடம் வந்து போனது செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரை. அதே நவம்பரில் குழந்தை பிறந்திருக்க முடியாது, ஒரு மாதம்தான் ஆகிறது. அடுத்த வருட நவம்பர் என்றால் பதின்மூன்று மாதம். ஆக, ஸ்டோக்கர் கணக்குப்படி பிள்ளை ஹார்க்கருடையதுதான், வேறு வழியே இல்லை. பென்சிலால் அந்தப் பக்க ஓரத்தில் கூட்டிக் கழித்து எழுதியே வைத்திருந்தேன், அதைப் பார்த்துப் படித்துக் காட்டினேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"பத்து மாதம் மனுஷப் பிள்ளைக்குடி," என்றாள். "அவன் பிள்ளைக்கு எத்தனை மாதம்னு எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?"

எழுதவில்லை. பார்த்துவிட்டேன்.